சிவப்புத் தட்டு டைமர்: கவனம் சிதறும் புரோகிராமர் வாங்கலாமா?

கடலோர மண்டபம், கீழக்கரை பக்கம் வீட்டிலிருந்தே புரோகிராம் கோடு எழுதுகிறவர்கள் கவனத்துக்காக வாங்கிக் குவிக்கும் சாமான்களில், கொடுத்த காசுக்கு உருப்படியானது 60 நிமிட சிவப்புத் தட்டு டைமர். குமிழைத் திருப்பினால் சிவப்பு விரியும். நேரம் போகப் போகச் சுருங்கும். 1994-ல் அமெரிக்கத் தாய் ஒருவர் தன் சின்ன மகளுக்காக யோசித்த அமைப்பு. ஏடிஎச்டி எனும் கவனக்குறைபாடு இருந்தால் ‘இன்னும் 20 நிமிடம்’ என்ற எண் மனதில் நிற்காது; சுருங்கும் சிவப்பு கண்ணில் படும். போன் டைமர் இதற்கு ஈடாகாது. மணி பார்க்க எடுத்த கை வாட்ஸ்அப் பார்க்காமல் கீழே வைக்காது.

ஸ்பிரிங் முறுக்கும் சமையலறை டைமர் வேண்டாம், அந்த டிக்டிக் சத்தமே கெடுக்கும். பேட்டரி குவார்ட்ஸ் வகை வாங்குங்கள்.

25 நிமிடம் வேலை, பிறகு சிறு இடைவேளை என்ற பொமடோரோ கணக்கு எல்லா வேலைக்கும் ஒத்துவராது. பக், அதாவது கோடில் உள்ள பிழை, தேடும்போது அப்போதுதான் பிடி கிடைத்திருக்கும், மணி அறுத்துவிடும். அதற்கு 45 வையுங்கள். வேலை விவரம் பதியும் டிக்கெட் நிரப்பும் சலிப்பு வேலைக்கு 10 போதும். குமிழைத் திருப்புமுன் என்ன தேடுகிறோம் என்று தாளில் ஒரே வரி எழுதுங்கள்: ‘லாகின் ஏபிஐ ஏன் 401 (அனுமதி இல்லை என்ற பிழை) தருகிறது’. அது இல்லாவிட்டால் சிவப்பு சுருங்குவதை வேடிக்கை பார்க்கத்தான் ஆகும். மணி அடித்ததும் அரைகுறையாக நிற்கும் புரோகிராமைத் தனி பிராஞ்சில் (தனிக் கிளையில்) கமிட் செய்து, அதாவது சேமித்து, அடுத்து செய்ய வேண்டியதை ஃபெயில் ஆகும் டெஸ்டாக எழுதி விட்டுவிடுங்கள். திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று துழாவ வேண்டாம். கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் பில்டு நடக்கும்போதும் டைமரைத் திருப்பி வையுங்கள். அந்த நாலு நிமிடத்தில்தான் அரை மணி தொலைகிறது.

பெரிய குறை மணிச்சத்தம். ஃபேன் இரைச்சலில் அமுங்கும், நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனுக்குள் எட்டவே எட்டாது. வேலையில் மூழ்கிச் சாப்பாட்டை மறப்பவர்கள் அதிரும் கைக்கடிகாரமும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

உங்களுக்கு இருப்பது ஏடிஎச்டியா என்று இந்த டைமர் சொல்லாது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே, வீடு பள்ளி இரண்டிலும் அறிகுறி இருந்ததா என்று மனநல மருத்துவர்தான் விசாரிப்பார். முதல் பேச்சுக்கு 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ். இலவசம், தமிழிலும் பேசலாம்.

நம்ம ஊர் உப்புக்காற்றில் பேட்டரி முனையில் பச்சை பூக்கும். மலிவான பேட்டரி கசியவும் செய்யும். ஆல்கலைன் போடுங்கள், நெடுநாள் தொடாவிட்டால் கழற்றிவிடுங்கள். பூத்துவிட்டால் இயர்பட்ஸில் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் மறுபடி ஓடும்.