உள்ளத்தில் கேட்ட குரலா, சபை காத்துவந்த உபதேசமா?

"ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை, கேட்டால் ஆவியானவரையே சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமோ என்ற பயம். ஆனால் விசுவாசப் பிரமாணம் (சபை ஒன்றாக அறிக்கையிடும் நம்பிக்கைச் சுருக்கம்), சபைப் பிதாக்கள் (ஆரம்ப நூற்றாண்டுகளின் சபைப் போதகர்கள்) என்று வாய் திறந்தால் மட்டும் "அதெல்லாம் மனுஷருடைய பாரம்பரியம், எனக்கு வேதமும் ஆவியானவரும் போதும்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். சரி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அஸ்திவாரம் என்று வரும்போது நான் பழைய உபதேசத்தின் பக்கம்தான்.

தனிப்பட்ட உணர்த்துதலுக்கு உரிய இடம் உண்டு, அதை மறுக்கவே மாட்டேன். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், எந்த ஊழியத்துக்கு நான் அழைக்கப்பட்டிருக்கிறேன் என்பதற்கெல்லாம் 4ஆம் நூற்றாண்டில் சபை வகுத்த நிசேயா பிரமாணத்தில் பதில் தேடினால் கிடைக்காது, முழங்காலில்தான் கிடைக்கும். பிரமாணத்தைத் தடங்கலில்லாமல் ஒப்பித்துவிட்டு ஜெபமே இல்லாமல் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். சபை அமைப்பே வழிதவறிய காலங்களும் உண்டு, பாவத் தண்டனை நீங்கும் என்று காசுக்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதும் சபைதான்.

உடனே பலர் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரைத் துணைக்கு அழைப்பார்கள், தனி மனிதனாக நின்று சபையை எதிர்த்தாரே என்று. ஆனால் 1521இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் விசாரிக்கப்பட்டபோது அவர் "எனக்கு ஒரு தரிசனம் வந்தது" என்று சொல்லவில்லை. வேதத்தைக் கொண்டும் தெளிவான நியாயத்தைக் கொண்டும் என் தவறை நிரூபியுங்கள் என்றார், அதாவது யார் வேண்டுமானாலும் திறந்து சரிபார்க்கக்கூடிய ஒன்றின்மேல் நின்றார். அதே வருடக் கடைசியில் சுவிக்காவ் ஊரிலிருந்து சிலர் லூத்தரின் ஊரான விட்டன்பர்க்குக்கு வந்து, தேவன் எங்களோடு நேரடியாகப் பேசுகிறார் என்றபோது, அவர்களை உறுதியாக எதிர்த்ததும் இதே லூத்தர்தான்.

அப்புறம் அந்த "வேதம் மட்டும் போதும்" என்ற பேச்சு. கையிலிருக்கும் புதிய ஏற்பாட்டில் 27 புத்தகங்கள் இருக்கின்றன. அந்த 27ஐயும், கூட்டாமல் குறைக்காமல், பட்டியலாக நாம் முதலில் பார்ப்பது எகிப்தின் அலெக்சந்திரியா பேராயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய கடிதத்தில். பல தலைமுறை விசுவாசிகள் வாசித்து, ஒப்பிட்டு, சிலவற்றை ஒதுக்கிக் காத்துக் கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் எனக்குத் தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

அதே அலெக்சந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுஸை எடுத்துக்கொள்ளுங்கள். குமாரன் சிருஷ்டிக்கப்பட்டவர் என்று அவர் சொன்னது வேதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அல்ல. நீதிமொழிகள் 8:22ஐயும், "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற யோவான் 14:28ஐயும் அவர் பக்கத்தினர் ஆதாரமாகக் காட்டினார்கள். ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து அந்த வசனங்களை வாசிக்கிற உண்மையான விசுவாசி, "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்ற யோவான் முதல் அதிகாரத்தை அதோடு சேர்த்து நிறுத்தும் ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால், ஆரியுஸ் போய்ச் சேர்ந்த இடத்துக்கே போய்ச் சேரலாம், அதுவும் ஆவியானவர்தான் காட்டினார் என்ற நிச்சயத்தோடு. குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று 325இல் நிசேயாவில் கூடிய சபை மாமன்றம் எடுத்த தீர்மானம் 381இல் கான்ஸ்டான்டிநோபிள் மாமன்றத்தில் நிலைப்படும்வரை 56 ஆண்டுகள் வாக்குவாதம் நடந்தது, இடையில் பேரரசர்களே எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள், அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். அவ்வளவு பரீட்சையைத் தாண்டி வந்த ஒரு வாக்கியத்தோடு, நேற்று இரவு மனதில் பட்டதைச் சரிசமமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பரீட்சையே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரம் இருக்கிறது. அந்நகரைக் கைப்பற்றிய கூட்டத்துக்குத் தீர்க்கதரிசியாக இருந்த யான் மத்தைஸ் என்ற ரொட்டி சுடுபவர் 1534 ஈஸ்டரில் நியாயத்தீர்ப்பு வரும் என்று அறிவித்தார், அந்த ஈஸ்டர் அன்றே ஒரு சிறு கூட்டத்தோடு நகரைச் சூழ்ந்திருந்த முற்றுகைப் படையை எதிர்த்து வெளியே போய்க் கொல்லப்பட்டார். அடுத்து வந்த லைடன் யான் தன்னை ராஜாவாக அறிவித்து, பலதார மணத்தையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1535 ஜூனில் நகரம் விழுந்தது. தலைவர்கள் மூவரின் உடல்களை வைத்துத் தொங்கவிட்ட கூண்டுகள் தூய லம்பேர்ட் ஆலயக் கோபுரத்தில் இன்றும் இருக்கின்றன. அந்த ஜனங்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. நம் தலைவரின் வெளிப்பாட்டை எதைக் கொண்டு சோதிப்பது என்று கேட்கும் வழியே அங்கே அடைபட்டுப் போயிருந்தது, அதுதான் எனக்கு வலிக்கிறது.

வேதத்துக்குள்ளேயே பாருங்கள். யோப்பாவில் மேல்வீட்டில் பேதுரு தரிசனம் கண்டார், அதைவிட நேரடியான உணர்த்துதல் வேண்டுமா? ஆனாலும் அப்போஸ்தலர் 11இல் எருசலேமிலிருந்தவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டபோது, கோபப்படாமல் நடந்ததை வரிசையாக விளக்கினார், கூட இருந்த ஆறு சகோதரரையும் சாட்சியாகக் காட்டினார். பவுலோ தன் சுவிசேஷத்தை எந்த மனுஷனிடமிருந்தும் பெறவில்லை என்று கலாத்தியருக்கு அடித்துச் சொல்கிறவர். அதே நிருபத்தின் அடுத்த அதிகாரத்தில், தான் ஓடினது வீணாகாதபடிக்கு எருசலேமுக்குப் போய் அங்கே எண்ணிக்கையுள்ளவர்களிடம், அதாவது மதிப்புள்ள தலைவர்களிடம், அதை விவரித்ததாகவும் எழுதுகிறார். அப்போஸ்தலர்களே இப்படிச் செய்திருக்க, நமக்கு மட்டும் எதற்கு விதிவிலக்கு?

ஆகவே உங்களுக்கு ஏதாவது உணர்த்தப்பட்டால் அதை அடக்கிவைக்க வேண்டாம், சொல்லுங்கள். "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்ற 1 கொரிந்தியர் 14:29ஐயும் கூடவே செய்யவிடுங்கள். அந்த மற்றவர்களில், உங்கள் சபையில் பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு, 4ஆம் நூற்றாண்டு விசுவாசிகளும் சேர்த்திதான்.