புளூரேயா, 4கே இறுவட்டா?

வெள்ளவத்தை வீட்டில் படம் பார்க்கும் என் புளூரே இறுவட்டு பிளேயர் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. அதனால்தான் அதைவிடக் கூர்மையான 4கே அல்ட்ரா எச்டி இறுவட்டுக்கு மாறுவதா என்பதில் இத்தனை யோசனை.

2006இல் வந்த புளூரேயில் படம் 1920 × 1080 புள்ளிகள்; 2016இல் வந்த 4கே இறுவட்டில் 3840 × 2160, அதாவது நான்கு மடங்கு. ஆனால் 43 அங்குல ரீவியை எட்டடி தள்ளியிருந்து பார்த்தால் அந்த நான்கு மடங்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிவது எச்டிஆர்தான், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் நுணுக்கமாகக் காட்டும் வசதி. இருட்டுக் காட்சியில் விளக்கின் சுடர் வெளுத்துப் போகாது, பின்னால் நிற்பவரின் முகமும் கறுப்புக்குள் மறையாது. அதற்கும் வெளிச்சம் கூடிய ரீவி வேண்டும். மலிவான ரீவிகள் பலவற்றில் எச்டிஆர் அட்டைப்பெட்டியின் மேல் எழுத்தில்தான் இருக்கும்!

வலயப் பூட்டு, அதாவது ஒரு வலயத்து இறுவட்டு வேறு வலயத்துப் பிளேயரில் ஓடாதபடி போடும் தடை, இன்னொரு தலையிடி. புளூரேயில் இலங்கை சி வலயம், லண்டன் மாமா கொண்டுவருவது பி வலயம். பூட்டுள்ள இறுவட்டு என்றால் இங்கே ஓடாது. 4கே இறுவட்டுக்கு அந்தப் பூட்டே இல்லை. 4கே பிளேயரில் பழைய புளூரே, டிவிடி எல்லாம் போட்டுப் பார்க்கலாம். பழைய பிளேயரோ 4கே இறுவட்டைத் தொடாது.

தமிழ்ப்படம் மட்டும் பார்ப்பவர் என்றால் மாறவே வேண்டாம். 4கே இறுவட்டில் தமிழ்ப்படம் கிடைப்பது அரிது.

நான் முதலில் ரீவியை மாற்றப் போகிறேன். பிளேயரை அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம்.