சாயா கருத்தடை மாத்திரை: ஒன்பது மாதம் போட்டுப் பார்த்த அனுபவம்

மூத்தவளுக்குப் பால் கொடுத்த ஒன்பது மாதமும் எனக்குத் தலைக்கு ஊற்றவே இல்லை. "பால் குடுக்கிற வரைக்கும் தங்காதும்மா" என்று மாமியார் சொன்னதை நம்பினேன். பத்தாவது மாதம் வாந்தி. ஸ்கேன் எடுத்தால் எட்டு வாரம். நடுவில் ஒரு தடவைகூட மாதவிடாய் வராமலே அடுத்தது தங்கிவிட்டது.

எப்படி என்று நர்சம்மாதான் விளக்கினார். குழந்தை சப்பச் சப்ப ஒரு ஹார்மோன் சுரந்து சினைமுட்டையை அடக்கி வைக்குமாம். ஆனால் அதை நம்பலாம் என்றால் குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது, இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் போச்சு. சினைமுட்டை வெளிவருவது முதலில், தீட்டு அதற்குப் பிறகு. நான் ஐந்தாம் மாதமே ராகிக்கூழ் ஊட்டியவள்.

அதனால் இரண்டாவது பிரசவம் முடிந்து, சின்னவனுக்கு 45 நாள் ஊசி போடப் போன அன்றே கருத்தடைக்கு வழி கேட்டுவிட்டேன். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டால் முதல் சில மாதம் தீட்டில் ரத்தப்போக்கு அதிகமாகலாம் என்றார்கள். எனக்கு ரத்தம் (ஹீமோகுளோபின்) 8.6 தான் இருந்தது, பயந்துவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றாக ஒத்துப்போனது. ஆனால் அதில் மாதவிடாய் நின்றே போகலாம். ஒருமுறை ஏமாந்த எனக்குத் தீட்டு வராவிட்டால் நிம்மதி இருக்காது.

கடைசியில் சாயாவை எடுத்தேன். லக்னோவில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மருந்து அது. ஹார்மோன் மாத்திரை இல்லை, பால் குறையாது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. நான் ஞாயிறும் புதனும் வைத்துக்கொண்டேன். தினசரி காலண்டரில் அந்தத் தாள்களின் மூலையை முன்கூட்டியே மடித்துவைப்பேன். கிழிக்கும்போதே கை நின்றுவிடும்.

குறை சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சின்னவனுக்கு ஐந்து மாதம் ஆனபோது தீட்டு வந்தது, மூன்றே நாள், கொஞ்சமாக. அடுத்தது நாள் தள்ளிப்போனது. 45ஆம் நாள் விடியற்காலை, கர்ப்பப் பரிசோதனை அட்டையில் சொட்டு விட்டுவிட்டு பாத்ரூம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே பிள்ளை அழுகிறான், எழுந்திருக்கக் கால் வரவில்லை. ஒரே கோடுதான் விழுந்தது, கர்ப்பம் இல்லை. 49ஆம் நாள் வந்துவிட்டது. ஆரம்பத்தில் இப்படித் தள்ளிப்போவது இந்த மாத்திரையில் சகஜம், 15 நாளுக்கு மேல் தள்ளினால் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று நர்சம்மா பிறகு சொன்னார். மாத்திரை கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு தடவை ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. மருந்துக்கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று தினம் போடும் வேறு கருத்தடை மாத்திரையை நீட்டினார்கள். அதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, பால் கொடுப்பவர்கள் குழந்தைக்கு ஆறு மாதமாவது ஆகாமல் தொடக் கூடாது. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து சாயா ஒரு அட்டை கூடுதலாகவே கேட்டு வாங்கிவைக்கிறேன்.

சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களும் சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்களும் சாயாவைப் போடக் கூடாது. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சின்னவனுக்கு இப்போது பத்தரை மாதம். ராத்திரி இரண்டு தடவை எழுந்து குடிக்கிறான், பால் குறையவில்லை. போன மாதம் எனக்கு 31ஆம் நாள் வந்தது.