'24 மணி நேர பல் எமர்ஜென்சி' போர்டை நம்பி உள்ளே போவதற்கு முன்: டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு

டர்பனிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கமும் இருக்கும் நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டு, பிள்ளைகள் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் சொல்லுங்கள். '24 மணி நேர எமர்ஜென்சி' என்று பளிச்சென்று விளக்குப் போட்டு வைத்திருந்த ஒரு பல் கிளினிக்கில் என் மகனின் முன்பல்லைக் கெடுத்துவிட்டு, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டார்கள். புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எகிறி வந்த பந்து என் மகனின் வாயில் பட்டு, மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று புல்லில் விழுந்தது. அவனுக்கு 12 வயது. அது பால்பல் இல்லை, நிலைப்பல். கோச் தம்பி விவரமானவர். வேரில் விரல் படாமல், வெள்ளையாகத் தெரியும் பாகத்தைப் பிடித்துப் பல்லை எடுத்தார். குழிக்குள்ளேயே திரும்ப வைக்கப் பார்த்தார், பையன் அழுத அழுகையில் முடியவில்லை. எதிரே இருந்த டீ ரூமுக்கு ஓடிப்போய்ப் பால் வாங்கி, ஒரு கப்பில் ஊற்றிப் பல்லை அதில் போட்டுக் கையில் கொடுத்தார். "அக்கா, எங்கேயும் நிக்காம நேரா டாக்டர்கிட்ட போங்க" என்றார்.

அவர் செய்தது ஒவ்வொன்றும் சரி. கழன்ற பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். பல் மறுபடி எலும்போடு ஒழுங்காகப் பிடிக்க அந்தச் சவ்வு உயிரோடு இருக்க வேண்டும். வெளியே காய்ந்து கிடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் செத்துவிடும். பாலில் கிடந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். தண்ணீரில் ஊறப்போடுவது நல்லதல்ல. மண் ஒட்டியிருந்தால் லேசாக ஒரு தடவை அலசலாம், தேய்க்கக் கூடாது. பால்பல்லாக இருந்தால் மட்டும் திரும்ப வைக்கவே கூடாது, உள்ளே முளைத்துவரும் பல்லுக்குக் கேடு.

கிளினிக்குக்குச் சீக்கிரமே போய்விட்டோம். கப்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். ரிசப்ஷனில் இருந்த பெண் முதலில் கேட்டது மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கார்டு. அப்புறம் ஒரு படிவம், அப்புறம் இன்னொரு படிவம், அப்புறம் முன்பணம். "டாக்டரைக் கூப்பிடுங்கள், பணத்தை எடுத்துக்கொண்டே இருக்கிறேன்" என்று கெஞ்சினேன். நீல உடுப்பில் ஒருவர் வந்து கப்பை உள்ளே கொண்டுபோனார். நானும் பின்னாலேயே போனேன். பல்லைப் பாலிலிருந்து எடுத்து, பஞ்சுத் துணியால் வேரை மேலும் கீழும் அழுத்தித் துடைத்தார். ஏதோ அழுக்கை எடுப்பது போல இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்ததை எல்லாம் வழித்தெடுத்துவிட்டு, சுடும் விளக்குக்கு அடியில் ஸ்டீல் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பாலில் திரும்பப் போடுங்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. நீங்கள்தான் டாக்டரா என்று கேட்டதற்கு, டாக்டர் ஃபோனில் இருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்றார். ராத்திரி பகலாகத் திறந்திருந்தது ரிசப்ஷன் மட்டும்தான், டாக்டர் வீட்டில் இருந்தார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து அவர் வந்தார். தட்டைப் பார்த்தார். "இது செத்துப்போச்சு, இனிமே வைக்க முடியாது, இம்ப்ளான்ட் போட்டுடலாம்" என்று, தாடை எலும்பில் திருகி வைக்கும் அந்தச் செயற்கைப் பல்லுக்கான விலைத் தாளை அச்செடுத்துக் கொடுத்தார். பல ஆயிரம் ராண்ட். இதைத்தான் எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்: வளரும் பிள்ளைக்கு இம்ப்ளான்ட் போடுவதில்லை. தாடை வளர வளர மற்ற பற்கள் அதோடு சேர்ந்து இறங்கும், இம்ப்ளான்ட் மட்டும் வைத்த இடத்திலேயே நின்றுவிடும். வளர்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும். 12 வயதுப் பையனுக்கு அதை விற்கப் பார்த்தவரிடம் அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட இருக்க மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி தனக்குத் தெரிந்த ஒரு பல் டாக்டருக்கு ஃபோன் போட்டார். அந்த மனிதர் ஞாயிறு இரவு எங்களுக்காகத் தன் கிளினிக்கைத் திறந்தார். பல்லைச் சலைனில் (மருத்துவ உப்புநீரில்) அலசி, மரத்துப்போக ஊசி போட்டு, குழிக்குள் அழுத்தி வைத்து, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினார். டெட்டனஸ் ஊசி போட்டாச்சா என்று விசாரித்தார். இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) தொடங்க வேண்டும் என்றார். சவ்வு போய்விட்டதால் பல் எலும்போடு ஒட்டி, வருஷங்கள் போகப் போக வேர் கரையும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆனாலும் வளரும் வயதில் அந்த இடத்து எலும்பைக் காக்க அந்தப் பல் இருப்பது நல்லது என்பதால்தான் வைத்தாராம். கிளினிக்கில் அந்தத் துணியை எடுக்காமல் இருந்திருந்தால் என் பையனின் பல்லுக்கு நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்.

கிளினிக் கொடுத்த பில்லை மெடிக்கல் எய்ட் திருப்பி அனுப்பிவிட்டது. அதில் டாக்டரின் பிராக்டிஸ் நம்பரும் (மெடிக்கல் எய்ட் அவரை அடையாளம் காணும் எண்) இல்லை, என்ன நோய் என்று காட்டும் ஐசிடி-10 குறியீடும் இல்லை. பணம் கட்டும் முன்பே இந்த இரண்டும் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டரின் பெயரை ஹெச்பிசிஎஸ்ஏ (டாக்டர்களைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்க கவுன்சில்) இணையதளத்தில் போட்டால் பதிவு பெற்றவரா, டென்டிஸ்டா, டென்டல் தெரபிஸ்டா என்று தெரிந்துவிடும். தெரபிஸ்ட் பல் அடைக்கலாம், பிடுங்கலாம், வேர் சிகிச்சை அவர் வேலை இல்லை. டென்டல் டெக்னீஷியன் என்பவர் பல்செட் செய்பவர், உங்கள் வாய்க்குள் கை வைக்க அவருக்கு அனுமதியே கிடையாது. எமர்ஜென்சிக்கு ஓடும்போது இதையெல்லாம் யார் தேடுவார்கள்? அதனால் இன்றைக்கே தேடி, ஞாயிற்றுக்கிழமையும் ஃபோன் எடுக்கும் ஒரு டாக்டரின் நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். ஃபோனில் கேட்க வேண்டியது "திறந்திருக்கிறதா" என்று இல்லை, "டாக்டர் இப்போது உள்ளே இருக்கிறாரா" என்று.

இன்னொன்று, இது உயிர் விஷயம். பல்லில் சீழ் வைத்து, வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கினாலோ, நாக்கு மேலே தூக்கிக்கொண்டாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ, வாயைத் திறக்க முடியாமல் காய்ச்சல் வந்தாலோ எந்தப் பல் கிளினிக்குக்கும் போகாதீர்கள். வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். 10177 அல்லது மொபைலிலிருந்து 112 அடியுங்கள், பக்கத்து ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டிக்கு (அவசர சிகிச்சைப் பிரிவுக்கு) போங்கள். சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் இருக்கிறது, ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மெமோரியல் இருக்கிறது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 27(3) பிரிவே சொல்கிறது. கார்டு எங்கே, முன்பணம் எங்கே என்று வாசலில் நிறுத்தினால் அந்தச் சட்டப் பிரிவின் நம்பரைச் சொல்லுங்கள்.

ஹெச்பிசிஎஸ்ஏவுக்கு என் புகார் போய்விட்டது: பில், இம்ப்ளான்ட் தாள், இரண்டாவது டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாம் சேர்த்து. இதே மாதிரி உங்கள் பிள்ளைக்கும் இம்ப்ளான்ட் தாள் கொடுத்திருந்தால் அதைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள், நீங்களும் எழுதிப் போடுங்கள்.