வரைபடமா, வானொலியா: பரபரப்பான விமான நிலையத்தைக் கவனிக்க எது நல்லது?

பரபரப்பான ஒரு விமான நிலையத்தில் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கவனிக்க ஆர்வலர்கள் அதிகம் நாடும் தளங்கள் நான்கு: ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர், ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச், லைவ்ஏடிசி. முதல் மூன்றும் வரைபடம் காட்டும். நான்காவதில் விமானிக்கும், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளருக்கும் நடக்கும் பேச்சைக் கேட்கலாம். கட்டுப்பாட்டாளரின் வேலையைப் புரிந்துகொள்ள ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்றால், நான் நான்காவதைத்தான் சொல்வேன்.

வரைபடத் தளங்கள் மூன்றுக்கும் மூலப்பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலான விமானங்கள் தாம் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் தாமே அறிவித்துக்கொண்டே பறக்கின்றன, இதற்குப் பெயர்தான் ஏடிஎஸ்-பி. உலகெங்கும் தன்னார்வலர்கள் கூரையில் வைத்திருக்கும் சிறிய ஆன்டெனாக்கள் அதைப் பிடித்து அனுப்புகின்றன. அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஸ்வீடனில் தொடங்கிய ஃப்ளைட்ரேடார்24 பார்க்க அழகு, பழக எளிது. 2022 ஆகஸ்ட் 2 அன்று அப்போதைய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசியின் விமானம் தைபேயில் இறங்கியபோது 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் அதைப் பின்தொடர்ந்தது இந்தத் தளத்தில்தான். ஃப்ளைட்அவேரின் பலம் நேர அட்டவணை. தாமதம், ரத்து, நாம் ஏறப்போகும் விமானம் இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். யாரையாவது அழைத்துவரக் காத்திருப்பவருக்கு அது ஒன்றே போதும்.

ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் வேறு ரகம். உரிமையாளர் கேட்டுக்கொண்டால் மற்ற இரண்டும் சில விமானங்களை மறைத்துவிடும், இது மறைக்காது. 2023 ஜனவரியில் விமானத் தரவு விற்கும் ஜெட்நெட் நிறுவனம் இதை வாங்கியபோது, கோபத்தில் பல தன்னார்வலர்கள் தரவு அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். தனியார் ஜெட், ராணுவ விமானம் தேடுபவர்களுக்கு இப்போதும் இதுதான் முதல் இடம். புதிதாக வருபவருக்கு இதன் நெரிசலான திரை கொஞ்சம் மிரட்டலாகத்தான் இருக்கும்.

ஆனால் விமானம் எங்கே இருக்கிறது என்பதுதான் வரைபடத்தில் தெரியும். ஏன் அங்கே இருக்கிறது என்பது தெரியாது. 2017 ஜூலை 7 நள்ளிரவுக்குச் சற்று முன் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவிலிருந்து வந்த ஏர் கனடா 759, 28 வலது ஓடுபாதையில் இறங்க வேண்டியது. பக்கத்தில் இருந்த 28 இடது ஓடுபாதை அன்று மூடப்பட்டு விளக்குகள் அணைந்திருந்தன. விமானிகள் டாக்ஸிவேயை, அதாவது விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் பாதையை, ஓடுபாதை என்று நினைத்துவிட்டார்கள். அந்த டாக்ஸிவேயில் நான்கு விமானங்கள் புறப்படக் காத்திருந்தன. உயரக் கோட்டை மட்டும் பார்த்தால், தாழ வந்து மீண்டும் மேலேறிய சாதாரண கோ-அரவுண்ட் போலத்தான் தோன்றும்.

ஒலிப்பதிவைக் கேட்டால்தான் உறைக்கிறது. ஓடுபாதையில் விளக்குகள் தெரிகின்றனவே என்று விமானி சந்தேகம் கேட்கிறார். அங்கே உங்களைத் தவிர யாருமில்லை என்கிறார் கட்டுப்பாட்டாளர். அப்புறம் தரையில் நின்ற யுனைடெட் விமானி, இவர் எங்கே போகிறார், டாக்ஸிவே மேலல்லவா வருகிறார் என்று குறுக்கிடுகிறார். விமானிகள் மேலேறத் தொடங்கிய அதே நேரத்தில் கட்டுப்பாட்டாளரின் கோ-அரவுண்ட் உத்தரவும் வருகிறது. விமானம் தரையிலிருந்து 60 அடி வரை தாழ்ந்திருந்தது. ஓடுபாதையைக் கவனிக்கும் டவர், தரையில் ஊரும் விமானங்களைக் கவனிக்கும் கிரவுண்ட் இரண்டையும் அன்றிரவு ஒரே ஆள்தான் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது விசாரணையில் வெளிவந்தது. எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இந்தச் சில நிமிட ஒலி புரியவைக்கிறது.

லைவ்ஏடிசியிலும் சிரமங்கள் உண்டு. இரைச்சல் அதிகம், பேச்சு வேகம். சில இடங்களில் ஒரே ஸ்கேனர் (வானொலி வாங்கி) பல அலைவரிசைகளை மாறி மாறிப் பிடிப்பதால் பாதி உரையாடல் விட்டுப்போகும். நியூயார்க் கென்னடி போன்ற பெரிய நிலையங்களில் டவர், கிரவுண்ட், இறங்க நெருங்கும் விமானங்களைக் கவனிக்கும் அப்ரோச் எனத் தனித்தனியாகக் கேட்கலாம். புதியவர்கள் டவரில் தொடங்குவது நல்லது, அங்கே வாக்கியங்கள் குறுகியவை. பழைய பதிவுகள் அரை மணி நேரத் துண்டுகளாக, யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி இருக்கும். தேடும்போது உள்ளூர் நேரத்தைப் போட்டால் கிடைக்காது.

பிரிட்டனில் மட்டும் என் தேர்வு மாறும். அங்கே இந்த உரையாடல்களைப் பொதுமக்கள் கேட்பது சட்டப்படி குற்றம் என்பதால் லண்டன் ஹீத்ரோவுக்கு ஒலி கிடையாது. வெறும் இரண்டு ஓடுபாதைகளை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு 4,80,000 விமானங்கள் வரை கையாள அனுமதி பெற்ற அந்த நிலையத்தை வரைபடத்தில்தான் பார்க்க முடியும். காலை நெரிசலில் போவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின் ஆகிய நான்கு இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். இறங்கும் முறைக்காகக் காத்திருக்கும் விமானங்கள் ஆயிரம் ஆயிரம் அடி இடைவெளியில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே உள்ளது வெளியேறியதும் மேலே உள்ளவை ஒவ்வொரு படியாக இறங்கும். அதற்கு ஃப்ளைட்ரேடார்24 தாராளமாகப் போதும், பணம் கட்டவும் வேண்டாம்.