புது ரேம்னு பழசைச் செருகி 68,500 வாங்கிட்டாய்ங்க, அசெம்பிள்டு பிசி வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

கோவத்துல எழுதறேன், தப்புத்தப்பா இருந்தா கண்டுக்காதீங்க. 68,500 ரூபாய். மானிட்டரோட சேத்து. கல்யாண ஆல்பம் டிசைன் பண்றவன் நான், சீசனுக்கு முன்னாடி பழைய மெஷினைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு போடலாம்னு மதுரைலயே ஒரு அசெம்பிளிங் கடைக்குப் போனேன். பேரு போடல, போட்டா வேற பிரச்சினை வரும்.

கடைக்காரரு ஆளு தங்கமான மனுசன் மாதிரி இருப்பாரு. டீ வாங்கிக் குடுத்து, என்னென்ன சாஃப்ட்வேர் ஓட்டுவன்னு கேட்டு, "தம்பிக்கு ரைசன் 5 ப்ராசஸர் போதும், தேவையில்லாம செலவு பண்ணாத, அந்தக் காசை ரேம்ல போடு"ன்னாரு. சரியாத்தான சொல்றாருன்னு தோணுச்சு, இப்பவும் சொல்றேன் அந்த யோசனைல தப்பே இல்ல. 8 ஜிபி ரேம் ஸ்டிக்கு ரெண்டு, டிடிஆர்4 வகை, 3200 ஸ்பீடு, ஒரே செட்டு. 2025 கடைசிலேர்ந்து ரேம் விலை ஏறிப்போய்க் கெடக்கு, ஏஐ சர்வருக்கே சிப்பெல்லாம் போயிருதுங்கறாங்க, அதனால ரேமுக்கு மட்டும் கூடத்தான் ஆகும்னாரு, அதுக்கும் சரின்னேன்.

சாயங்காலம் போனா மெஷின் ரெடி. ஆன் பண்ணி, டாஸ்க் மேனேஜரைத் தொறந்து, மெமரில 3200னு இருக்கறதை விரல வச்சுக் காட்டுனாரு. "பாத்துக்க தம்பி, நம்ம கடைல ஒளிவு மறைவு கெடையாது." அப்பறம் சாமி படத்துக்கு முன்னாடி இருந்த குங்குமத்தை எடுத்து கேபினெட் மேல அவரு கையாலயே வச்சு விட்டாரு. அதைப் பாத்து எனக்கு மனசே நெறைஞ்சு போச்சு. பாக்ஸெல்லாம் எங்கண்ணேன்னு கேட்டதுக்கு, "இங்கயே இருக்கட்டும், நாளைக்கு வாரண்டின்னு வந்தா நீ தேடிட்டு இருக்கணும், நான் பாத்துக்கறேன்"னாரு. ஜிஎஸ்டி பில்லு கேட்டா 18 பெர்சன்ட் தனின்னு சொல்லி எஸ்டிமேட் சிட்டுல எழுதிக் குடுத்தாரு. அதுல "ரேம் 16 ஜிபி"ன்னு இருக்கு, சீரியல் நம்பரும் இல்ல ஒண்ணும் இல்ல.

மறுநாள் காலைல ஆன் பண்ணா விண்டோஸ் லோகோ வருது, புள்ளி சுத்துது, டமால்னு ப்ளூ ஸ்கிரீன். மெமரி மேனேஜ்மென்ட்னு ஒரு எர்ரர். தானா ரீஸ்டார்ட் ஆயி நல்லா ஓடுச்சு. அடுத்த நாளும் காலைல அதே கதை, ஆனா எர்ரர் வேற, ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். இன்னொரு நாள் பேஜ் ஃபால்ட்னு வந்துச்சு. ராத்திரி முழுக்க அணைஞ்சு கெடந்து காலைல ஆன் பண்ணாத்தான் அடிக்குது, சூடாயிட்டா ஒண்ணும் தெரியாது.

போன் போட்டேன். விண்டோஸ் அப்டேட் பிரச்சினை தம்பி, எல்லாருக்கும் வருதுன்னாரு. சரின்னு விட்டேன். திரும்ப வந்துச்சு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப ஆஃப் பண்ணுன்னாரு, பண்ணேன், நிக்கல. அப்பறம் உங்க வீட்டுல எர்த் சரியில்லன்னாரு, எலக்ட்ரீஷியனக் கூட்டிட்டு வந்து காட்டுனா எர்த் நல்லா இருக்கு. ஆட்டோல வச்சு கடைக்குக் கொண்டு போனா ஃபார்மட் அடிச்சு 500 ரூபாய் வாங்கிட்டு, "இங்க நல்லா ஓடுது பாரு"ங்கறாரு. ஓடத்தாண்ணே செய்யும், நாள் பூரா ஆன்ல வச்சிருக்கீங்களேன்னா சிரிக்கிறாரு. அதுக்கப்பறம் டெக்னீஷியன் பையன் லீவு, நான் வெளியூரு, வாட்ஸ்அப்ல ப்ளூ டிக்கு மட்டும் விழும். ஸ்கிரீன்லயும் ப்ளூ, போன்லயும் ப்ளூ.

எங்க மாப்ள ஒருத்தரு ஐடில இருக்காரு, அவருதான் போன்லயே சொன்னாரு, எர்ரர் ஒவ்வொரு தடவையும் மாறி மாறி வந்தா மொதல்ல ரேமைத்தான் சந்தேகப்படணும், விண்டோஸ நோண்டாதன்னு. ரேமைச் சோதிக்கற மெம்டெஸ்ட்86ங்கற சாஃப்ட்வேர ஒரு பென்டிரைவ்ல போட்டு, விண்டோஸுக்குள்ள போகாம அதுலயே பூட் பண்ணச் சொன்னாரு. காலைல மெஷின் ஜில்லுன்னு இருக்கும்போதே ஓட விட்டேன், கொஞ்ச நேரத்துலயே செவப்பு செவப்பா எர்ரர் வரிசை கட்டுது. ஒரு ஸ்டிக்கக் கழட்டி ஒண்ண மட்டும் செருகி ஓட்டுனேன், சுத்தமா இருக்கு. இன்னொண்ண அதே ஸ்லாட்ல போட்டா திரும்ப செவப்பு. அப்ப போர்டும் ஸ்லாட்டும் காரணமில்ல.

சிபியு-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல எஸ்பிடின்னு ஒரு டேப், ரேமுக்குள்ளயே பதிஞ்சிருக்கற வெவரத்தைக் காட்டும். அதைத் தொறந்து பாத்தப்பதான் வயிறு எரிஞ்சுது. ரெண்டு ஸ்டிக்குக்கும் பார்ட் நம்பரே வேற வேற. ஒண்ணு ஒழுங்கான 3200, எக்ஸ்எம்பி ப்ரொஃபைலோட, அதாவது அந்த ஸ்பீடுல ஓட்டறதுக்குக் கம்பெனியே பதிஞ்சு வச்ச செட்டிங்கோட. இன்னொண்ணு 2018ல செஞ்சது, 2666 ஸ்டிக்கு, எக்ஸ்எம்பியே கெடையாது. மேல மட்டும் ஸ்டிக்கர் மேட்சிங்கா ஒட்டிருக்காய்ங்க, ஓரத்துல நகத்தால கீறுனா அடில பழைய லேபிள் தெரியுது. பயாஸ்ல, அதான் மதர்போர்டோட செட்டிங்ல, போய்க் கையால 3200னு செட் பண்ணி வச்சிருக்காரு, அதைத்தான் டாஸ்க் மேனேஜர்ல விரல வச்சுக் காட்டிருக்காரு. தாங்காத ஸ்பீடுல ஓட வச்சா காலைல அது மொரண்டு பிடிக்காம என்ன செய்யும்? 2666க்கு எறக்குனேன், ப்ளூ ஸ்கிரீன் நின்னு போச்சு.

இவ்வளவு ஆனப்பறம் ஃபைலெல்லாம் சேமிக்கற எஸ்எஸ்டிய மட்டும் நம்புவனா. டிஸ்க்கோட நெலமையக் காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டுப் பாத்தா பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது இதுவரைக்கும் ஓடுன மணி நேரம், 11,000த்துக்கு மேல. ஒரு வருஷம் அணைக்காம ஓட்டுனாலே 8,760 மணி நேரம்தான்யா. "புது" எஸ்எஸ்டி. எந்த ஆபீஸ்ல எந்த சர்வர்ல கெடந்துச்சோ.

எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு நேர்ல போனேன். மொதல்ல "இந்த சாஃப்ட்வேர்லாம் சும்மா தம்பி"ன்னாரு. பிறகு, நீயே கேபினெட்டத் தொறந்துட்ட, ரேம மாத்துனது நீயாக்கூட இருக்கலாம்னாரு. கடைசில சொன்னாரு பாருங்க, அதைத்தான் என்னால தாங்கவே முடியல: "பாக்ஸக் கொண்டா, பாக்ஸ் இல்லாம கம்பெனில எடுக்க மாட்டான்." பாக்ஸ வாங்கி வச்சுக்கிட்டவரே அவருதான்! உங்ககிட்டதான இருக்குண்ணேன்னா, பழசெல்லாம் எடைக்குப் போட்டாச்சாம். 68,500 ரூபாய் வாங்குன ஆளு பேசற பேச்சா இது.

என்னென்ன பாத்து வாங்கணும்னு வெவரமா எழுதலாம்னுதான் ஒக்காந்தேன், கை நடுங்குது, சுருக்கமா சொல்றேன். காசு குடுக்கறதுக்கு முன்னாடி கடைலயே சிபியு-இசட், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ரெண்டையும் ஓட்டச் சொல்லுங்க, முடியாதுன்னா எந்திரிச்சு வந்துருங்க. பில்லுல ஒவ்வொரு பார்ட்டுக்கும் சீரியல் நம்பர் வேணும். பாக்ஸெல்லாம் உங்க வீட்டுக்குத்தான் வரணும். கையில ரொக்கமா குடுக்காதீங்க, யுபிஐ தடம்தான் இப்ப எனக்கு இருக்கற ஒரே சாட்சி. வாங்கி மொத வாரத்துலயே எர்ரர் மாறி மாறி வந்தா ஃபார்மட் அடிக்க விடாதீங்க, ப்ளூ ஸ்கிரீன் வரும்போது விண்டோஸ் பதிஞ்சு வைக்கற மினிடம்ப் ஃபைலெல்லாம் அதோட அழிஞ்சு போயிரும்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிஞ்சாச்சு. அதுல தீரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாப் போதும். புகார் நம்பர ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கும் அனுப்பி வச்சேன். இத்தனை நாளு போனே எடுக்காத மனுசன் ஒடனே வாய்ஸ் மெசேஜ் போடறாரு, "தம்பி, நேர்ல வா, பேசித் தீத்துக்கலாம்"னு. நேர்ல வரல, வந்தா அந்த மெஷினத் திருப்பிக் குடுக்கத்தான் வருவேன், மொதல்ல வாங்குன அதே யுபிஐக்கு 68,500ஐப் போட்டு விடுங்கன்னு பதில் அனுப்பிருக்கேன். ப்ளூ டிக்கு விழுந்துருச்சு.