தாதியருக்கான திறந்த பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு: மட்டக்களப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

மூன்றாண்டு தாதியர் டிப்ளோமாவை முடித்து அரச மருத்துவமனையில் கடமையாற்றும் ஒருவர் வேலையை விடாமலே பட்டதாரியாவதற்கு, 1994இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் விஞ்ஞானமாணிக் கற்கைநெறியையே நான் முதலில் பரிந்துரைப்பேன். டிப்ளோமாவில் கற்றதையும் நோயாளர் விடுதிகளில் பெற்ற அனுபவத்தையும் அடித்தளமாகக் கொண்டு, ஆராய்ச்சி முறையியல், முகாமைத்துவம் போன்றவற்றை அதன்மேல் கட்டியெழுப்புவதே இதன் பெரும் பலம். கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தாதியியல் பட்டம் உண்டு. ஆனால் அது உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றின்படி அனுமதி பெறும் மாணவர்களுக்கானது.

மட்டக்களப்பிலேயே திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இயங்குவது கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தாருக்கும் பெரும் ஆறுதல்.

எனினும் படிப்பு ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழில் உயர்தரம் கற்றுவந்த நம் பிள்ளைகள், பாடத்தை நன்கறிந்திருந்தும், முதல் ஒப்படைகளை எழுதும்போதே தடுமாறிவிடுகிறார்கள். இது என்னை மிகவும் வருத்துகிறது. மருத்துவமனைகள் இவர்களுக்காக மாலை நேர ஆங்கில வகுப்பொன்றை ஒழுங்குசெய்வதும், பரீட்சைக் காலத்தில் இரவுக் கடமையை மாற்றிக்கொடுப்பதும் அதிகச் செலவில்லாத காரியங்களே. சேர எண்ணுவோர் விண்ணப்பிக்கும் முன்பே தமது துறைசார் ஆங்கில நூல்களை வாசிக்கத் தொடங்குவது நல்லது.